நீர்நாய்க் குழாய்களும் உங்கள் படையலும்

என் வீட்டுக்காரருக்கு, போன மாதத் திதிப் படையலில் வயிறு நிறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என்னங்க, கோபத்தில்தான் எழுதுகிறேன். பாதி உங்கள் மேல், மீதி என் மேல்.

நம் பேத்தி கவிதா இப்போது நம் வீட்டில் தங்கி, பல்கலைக்கழகத்துக்காக நீர்நாய் ஆராய்ச்சி செய்கிறாள். நீங்கள் கெலாங் பாத்தா ஆற்றோரத்தில் இறால் குளத்துக்குக் காவல் இருந்தபோது சொல்வீர்களே, "நம்ம ஆத்து நீர்நாய் வேற கூட்டம், பாலத்துப் பக்கம் கடல்ல திரியிறது வேற கூட்டம்" என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"முகத்தப் பாத்து சொல்ல முடியாது பாட்டி. மரபணுவுல அடையாளக் குறி இருக்கு. பீயில இருந்தே எடுத்துரலாம். ரெண்டு பக்கக் குறியும் ஒத்துப் போகலன்னா தாத்தா சொன்னது சரி லா."

சரியென்றால், அந்தக் கூட்டத்துக்கு வேறு போக்கிடம் இல்லை என்று காட்டி, ஆற்றோரச் சதுப்புக்காட்டில் மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி மனு கொடுக்கலாமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

செய்தது என்ன? திதிக்கு முதல் நாள் ஐஸ்பெட்டியைக் கழுவினேன். உங்கள் தயிர் இருக்க வேண்டிய தட்டில், பை நிறையச் சின்னச் சின்னக் குழாய்கள். திறந்தால் மீன் நாற்றம். தீட்டு என்று பையோடு குப்பையில் போட்டேன். அவ்வளவும் ஆற்றுப் பக்கத்து நீர்நாய்க் கழிவு. குப்பை லாரி போன பிறகுதான் அவள் தேடினாள்.

"அலமாக், பாட்டி! மஞ்சத்தண்ணி வேற தெளிச்சீங்களா?"

"தெளிச்சேன்மா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் அவற்றைப் பொறுக்கிய கரையை இப்போது மண் மூடிவிட்டது. மூன்று வாரமாக அலைகிறாள், ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் சோற்றைச் சுத்தமாக வைத்தேன், உங்கள் சொல்லைக் குப்பையில் போட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நேற்று விளக்கேற்றும்போதுதான் நினைவு வந்தது. பழைய மதகுக்குப் பின்னால் ஒரு பாறை. "எங்க திரிஞ்சாலும் வெளிக்கிப் போக இங்கதான் வரும்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு காட்டினீர்கள். அதை அவளுக்கும் காட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? பாறையாவது இன்னும் இருக்கிறதா?

நாளை தண்ணீர் வற்றும் நேரம் உங்கள் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப் போகிறேன். கிடைத்தால் ஐஸ்பெட்டியில் மேல்தட்டு அதற்குத்தான். அடுத்த திதிக்கு உங்கள் தயிர் கீழ்த்தட்டில் இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பூட்சுக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொள்ளும்
கவிதாவின் பாட்டி