இரண்டு முறை வந்த பன்னிரண்டு

ஜனவரி 31
நேற்று பிறை தெரிந்தது. இன்று ஷஃபான் மாதம் ஒன்று. தெருவின் அந்தப் பக்கம் சீனப் புத்தாண்டு. பட்டாசுச் சத்தத்தில் என் குழந்தை சுமையா தூங்கவேயில்லை.

எங்கள் சீனப் பள்ளிவாசலின் இமாம், அஹோங், வீடு வீடாக வந்து பாவமன்னிப்பு ஓதும் முறை தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டாம் தேதி என்று பள்ளிவாசலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மாமனார் இறந்தபின் வரும் முதல் பராஅத்; அவருக்காக ஓதும் துஆவும் அன்றுதான். அத்தையின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. "இந்த வருஷம் எல்லாம் உன் பொறுப்புதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

நாட்காட்டியில் பன்னிரண்டைத் தேடிப் பேனாவால் வட்டமிட்டேன்: பிப்ரவரி 9. மாமா இருந்தவரை இது அவர் வேலை. அவருடைய சிவப்புப் பென்சிலை யாரும் தொடக்கூடாது.

பிப்ரவரி 3
பராஅத்தன்று, பதினைந்தாம் இரவில், நம் நன்மை தீமை ஏடு மூடி, புது ஏடு திறக்கும். அதற்குள் மன்னிப்புக் கேட்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். பதினேழாவதில் சுமையா அழுதாள். நல்லவேளை.

பிப்ரவரி 6
நாத்தனார் ஹைதிச்சே வந்தாள். "காலேஜ்ல மாவு பிசையவும் சொல்லித் தந்தாங்களா, அண்ணி?"

"தேதி பார்த்து ஏற்பாடு பண்ணச் சொல்லித் தந்தாங்க. அது போதும்" என்றேன். பட்டியலில் பதினெட்டு: கர்வம்.

பிப்ரவரி 9
எழுதவே கை வரவில்லை.

விடியுமுன் குளித்து, சுத்தமாகி, பேசாமல் எண்ணெய் ரொட்டி பொரித்தேன். அறுபது. பொரிக்கும்போது வீண்பேச்சு கூடாது. சுமையாவிடம்கூடக் கண்ணால்தான் பேசினேன். ஆட்டுக்கறி வெந்தது. மூடிக் கிண்ணங்களில் தேயிலை, இலந்தை, கற்கண்டு எல்லாம் தயார். சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

பத்து மணி. பதினொன்று. வாசலுக்கு ஓடினேன். துவோ அஹோங் மின்சார ஸ்கூட்டரில் வந்தார். எனக்குச் சலாம் சொன்னார். அப்படியே போனார். நிற்கவில்லை!

உள்ளே எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஹைதிச்சே மெதுவாக, "வேற யாரையோ கூப்பிட்டீங்களா, அண்ணி?" அத்தை இடது கையால் ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். "உப்பு சரியா இருக்கு."

குவாங்சோவிலிருந்து என் கணவர் இஸ்ஹாக் போன் செய்தார். நூடுல்ஸ் கடையில் கூட்டமாம். "அஹோங்குக்கு உன் மேல என்ன கோபம்?" என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார்.

ஏன் நிற்கவில்லை? அதிகாலை பஜ்ர் தொழுகையை எத்தனை நாள் விட்டேன் என்று அவருக்குத் தெரியுமா? பதினெட்டும் முகத்தில் எழுதியிருக்கிறதா? என்னால் மாமாவுக்கும் துஆ இல்லாமல் போயிற்றே. ஐயோ, என்ன பொம்பளை நான்.

பிப்ரவரி 10
சுமையாவை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் வாசலுக்குப் போனேன். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த அஹோங்கிடம், பட்டியலைக் கையில் கசக்கியபடி, "என்னை மன்னிச்சிருங்க. என் பாவத்துக்காக எங்க மாமாவை விட்றாதீங்க" என்று அழுதேன்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். "உங்க வீடு பன்னெண்டுதானேம்மா? இன்னிக்குப் பதினொண்ணு. நாளைக்கு வரேன்."

வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள்: மேலே ஆங்கிலத் தேதி, நடுவில் சீன மாதத் தேதி, கீழே நம் தேதி. நான் நடுவில் இருந்த பன்னிரண்டுக்கு வட்டமிட்டிருக்கிறேன். பட்டம் வாங்கியது கணிதத்தில்.

அத்தையிடம் சொன்னேன். அவர் எழுத்துக் கற்றவரில்லை. இடது கை விரலால் அந்த வட்டத்தைத் தடவினார். "நானும் ஒரு தடவை பார்த்திருக்கலாம். எனக்கு எது எதுன்னு தெரியாது. முப்பத்தாறு வருஷமா அவர் வட்டம் போடுவார், நான் மாவு பிசைவேன்."

அப்புறம் தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிப்பு. "அஹோங் ஸ்கூட்டர்ல போனப்போ உன் மூஞ்சியைப் பார்க்கணுமே!" பிறகு அழுதார். நானும்.

நேற்றைய ரொட்டிகளை ஹைதிச்சே தெரு முழுக்கக் கொடுத்து வந்தாள். "எதுக்குன்னு கேட்டாங்க. எங்க அண்ணி ஒத்திகை பார்த்தாங்கன்னு சொல்லிட்டேன்."

பிப்ரவரி 11
மறுபடி குளியல், மறுபடி அறுபது. இம்முறை ஹைதிச்சே மாவு பிசைந்தாள். அஹோங் நின்றார், இறங்கினார், உட்கார்ந்தார். மாமாவின் பெயர் சொல்லித் துஆ கேட்டபோது அத்தை கட்டுப்போட்ட கையையும் ஏந்தியிருந்தார். பொரித்து முடிக்கும்வரை பேசாமல் சமாளித்தேன். உப்பு மட்டும் கொஞ்சம் கூட.

பிப்ரவரி 13
இன்று பராஅத் இரவு. ஹைதிச்சேயிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். பட்டியலை எடுத்தேன். "அடேயப்பா, என் பேரே ஏழு இடத்துல இருக்கு!" என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

தொழுகைக்குப் பின் அத்தை மாமாவின் சிவப்புப் பென்சிலை என் கையில் வைத்தார். நுனியில் அவர் பல் பதிந்த தடம். "ரமழானுக்கும் நீயே போடு."

கீழ் வரிசை. விரலை வைத்து இரண்டு முறை பார்த்தேன். வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு சிறிய கேள்விக்குறியும் போட்டேன். பிறையைக் கண்ணால் பார்க்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.