பெடலின் கனம்

மாமா,

இன்று காலை வண்டிக்குள் அந்த வாடை வந்தது. கிளட்ச் கருகுகிற வாடை. பழைய ரப்பர் செருப்பை அடுப்பில் போட்டதுபோல இருக்கிறது என்று நான் எப்போதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். நீங்களோ சாம்பார் கொதி வந்துவிட்டதா என்று பார்க்கிறவர்போல நன்றாக மோந்து பார்த்துவிட்டு, "பிளேட்டு சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்" என்பீர்கள். இன்று அதைச் சொல்ல ஆள் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டியது பாப்பா. ஆமாம், உங்கள் மகளேதான். எல்எல்ஆர் வாங்கிவிட்டாள். ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நிற்க, அவளும் பிரேக்கைத் தொடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருந்தாள். அப்போதுதான் வாடை. அதோடு அவள் ஒரு வார்த்தையும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே எழுதினால் மற்றதை எழுத வராது.

இந்த டர்போ வண்டியை நீங்கள் வாங்கிவந்த நாளே எனக்குப் பிடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சிப்காட்டில் நாள் முழுக்க பம்பையும் மோட்டாரையும் கட்டிக்கொண்டு அழுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தும் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டால் எந்தப் பெண்டாட்டிக்குப் பிடிக்கும்? என்ஜினின் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி எழுதி அதன் இழுவையைக் கூட்டினீர்கள். ஆலப்பாக்கம் தாண்டி மிதித்தால் என்ஜின் கத்தியது, வண்டி அதற்கேற்ற மாதிரி ஓடவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்றீர்கள். முகத்தில் கவலையே இல்லை. பிள்ளைக்குப் போன வருஷத்துச் சட்டை பத்தவில்லை என்று சொல்லிக்கொள்கிற அப்பனின் பெருமைதான் இருந்தது.

எனக்குப் புரியவைப்பதற்காக இரண்டு எவர்சில்வர் தட்டுக்கு நடுவில் ஒரு தோசையை வைத்து அழுத்திக் காட்டினீர்கள். "கீழ்த்தட்டு என்ஜின். மேல்தட்டு பிரஷர் பிளேட்டு. தோசைதான் கிளட்ச் பிளேட்டு. மேல இருந்து நல்லா அழுத்துனாதான் தோசை வழுக்காம கூடவே சுத்தும். இழுவை ஏறிப் போச்சுல்ல, இன்னும் கெட்டியா அழுத்துற பிரஷர் பிளேட்டு வேணும்." தோசை கிழிந்துபோனது. அதை நான்தான் தின்றேன்.

அதற்கப்புறம் பல மாதம் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. செராமிக் பிளேட்டா, ஆர்கானிக்கா? "செராமிக்கு வெடுக்கு வெடுக்குனு கடிக்கும். ரயில்வே கேட்டுக்குக் கேட்டு நின்னுகினு போற ஊர்ல அதை வெச்சிகினு என்னா பண்றது?" என்று நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லி, கடைசியில் ஆர்கானிக் பிளேட்டும் முரட்டு பிரஷர் பிளேட்டும் என்று முடிவானது. அதற்கு ஒரே ஒரு குறை. பெடல் கனமாகிவிடும். "கால்ல கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தியா தெரியும். அவ்ளோதான். கால்ல வெயிட்டு தெரிஞ்சாதான் நாம வண்டி ஓட்டுறோம்னு அர்த்தம்."

கையோடு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கெட்டியாக மாற்றினீர்கள். "ரோடு நம்ம கையில பேசணும்" என்பீர்கள். பேசியது. அண்ணாமலை நகரில் இருக்கிற என் ஆபீசுக்கு ஒருநாள் என்னைக் கொண்டுபோய் விட்டபோது, புதுச்சத்திரம் வருவதற்குள் என் இடுப்பிடமும் பேசிவிட்டது. டிபன் டப்பாவில் இருந்த தயிர்ச்சாதம் மூடியைத் திறந்துகொண்டு பை முழுக்க வழிந்திருந்தது. நான் திட்டத் திட்ட நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பை நாசமாகியிருக்கலாம்.

பிறகுதான் கால் கடுக்கிறது என்றீர்கள். இடது கால்.

யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கனமான கிளட்ச், இடது கால், வலி. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? உங்கள் கார்க்காரர்கள் குரூப்பில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாம் வண்டிக்கு. கிளட்ச் ஆயிலை மாற்றினீர்கள், அதன் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தீர்கள். பெடலை லேசாக்கவென்று சின்ன அளவு மாஸ்டர் சிலிண்டர் தேடி வரவழைத்துப் போட்டீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள், "இப்ப பரவாயில்ல" என்பீர்கள். மறுபடியும் கனத்துவிடும். நடக்கும்போது இடது செருப்பு மட்டும் கழன்று கழன்று போனது. வார் தளர்ந்துவிட்டதென்று புதுச் செருப்பு வாங்கினோம். நிலைப்படி தடுக்கி விழுந்தீர்கள். "நாள் பூரா அந்த எழவு கிளட்ச்ச மிதிச்சா காலு என்னாத்துக்கு ஆவும்?" என்று நானும் கத்தினேன். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எது கோளாறானாலும் நம் வீட்டில் முதலில் பானட்டைத்தான் திறப்போம்.

நெல்லிக்குப்பம் ரோட்டில் ரஃபீக் பாய் ஒர்க்‌ஷாப். அன்று ஆபீசிலிருந்து நேரே அங்கே வரச் சொல்லியிருந்தீர்கள். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பெடல் இவ்வளவு கனக்காது என்று சொல்லி, கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கி, எல்லாவற்றையும் சுத்தம் பண்ணி, கிரீஸ் வைத்து மாட்டியிருந்தார்கள். நான் வந்தபோது நீங்கள் சீட்டில் உட்கார்ந்து மிதித்துவிட்டு, முகம் சுருங்க இறங்கினீர்கள்.

"அப்டியே இருக்குது பாய்."

ரஃபீக் பாய் உட்கார்ந்து மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார். "சார், வெண்ண மாதிரி போவுது சார்."

"உன் காலு மெக்கானிக் காலு. அது இரும்பையே மிதிக்கும்" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்தீர்கள். "இங்க வாடி. நீ மிதி."

எனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. அந்தச் சீட்டில் உட்கார்ந்ததுகூட இல்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி, நீங்கள் காட்டிய பெடலில் காலை வைத்தேன். தேய்ந்துபோன சாதாரணச் செருப்பு. மிதித்தேன். தரைவரைக்கும் போனது.

நான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். "ஆமா மாமா, கனமாத்தான் இருக்குது" என்றேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பொய் சொல்லாத" என்றீர்கள். ரஃபீக் பாய் வேஸ்ட் துணியை எடுத்துக் கை துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாண்டிச்சேரியில் பார்த்த நரம்பு டாக்டர் நல்ல மனுஷர். தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும், நினைவும் அறிவும் கடைசிவரை அப்படியே இருக்கும், நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது என்றார். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதுக்கு பார்ட்ஸ் கிடையாது" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முன்பே வந்திருந்தால் என்ன என்று நான் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தாலும் இதே மருந்துதாம்மா" என்றார். பாப்பாவுக்கு வருமா என்று கேட்டேன். "அநேகமா வராது" என்றார். அந்த 'அநேகமா'வோடுதான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தத் தப்பான மாதங்களை நினைத்து எனக்கு வருத்தம் இல்லை. நோய்க்குப் பதிலாகக் கிளட்ச்சைத் துரத்திக்கொண்டு அலைந்தோமே, அப்போதெல்லாம் நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். பார்சல் வந்தால் பாப்பாவைவிட வேகமாக வாசலுக்குப் போனீர்கள். நாம் சேர்ந்து நம்பிக்கையோடு இருந்த கடைசிக் காலம் அதுதான்.

அப்புறம் முரட்டு பிரஷர் பிளேட்டைக் கழற்றச் சொன்னீர்கள். என் காலுக்கென்று, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே சாதாரண கிளட்ச்சைப் போடச் சொன்னீர்கள். அந்த இழுவைக்குச் சாதாரண கிளட்ச் தாங்காது என்று என்ஜினையும் பழையபடி அடக்கினீர்கள். வருஷக்கணக்கில் ஏற்றியதை ஒரே நாளில் இறக்கினீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுத்தந்தீர்கள். "பாதி கிளட்ச்ல நிக்காத. ஒண்ணு மிதி, இல்ல விடு." நான் திணறும்போதெல்லாம் உங்கள் இடது தொடை தானாகத் துடிக்கும். உதவி செய்யத்தான் துடிக்கிறதென்று முதலில் நினைத்தேன். அது நோயின் துடிப்பு.

கழுத்து நிற்காமல் போனபோது ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. சிதம்பரத்தில் பிசியோதெரபிக்குப் போகும்போது, வெள்ளாற்றுப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் உங்கள் தலை பொம்மைத் தலைபோல ஆடும். வலிக்கிறதா என்றால் இல்லை என்பீர்கள், கண்ணில் தண்ணீர் நிற்கும். ஒரு விரலால் தட்டித் தட்டி குரூப்பில் எழுதினீர்கள்: இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பிரிங், மெத்தென்ற ஷாக் எது? ஒருத்தன், "என்னா மச்சான், உனக்கு எதுக்கு சாஃப்ட்டு?" என்று கேட்டான். நீங்கள் எழுதிய பதிலை உங்கள் தோளுக்கு மேலே நின்று படித்தேன். "ஒரு சரக்கு ஏத்திக்கினு போவணும். உடையாம போவணும்."

அவர்களுக்கு அப்போதும் தெரியாது. ஆளாளுக்கு ஆர்வமாகப் பெயர்கள் சொன்னார்கள். நீங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், கெட்டியானதைத் தேடிய அதே கவனத்தோடு.

மாற்றி முடித்ததும் திருவந்திபுரத்துக்குப் போகலாம் என்றீர்கள். அந்த மலையில்தானே நமக்குத் தாலி கட்டு. உங்களைச் சீட்டோடு துண்டால் கட்டி, கழுத்துக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்து, நான்தான் ஓட்டினேன். படியேற முடியாது என்பதால் கீழே, கெடிலம் ஆற்றோரமாக வண்டியை நிறுத்தினேன். மேலே கல்யாண மேளம் கேட்டது. ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வந்துசேர்ந்தோம் என்று எனக்குப் பெருமை. திரும்பிப் பார்த்தால் நீங்கள் அழுகிறீர்கள். உங்கள் பேச்சு அப்போதே குழறிவிட்டது. வாயருகே காதை வைத்துத்தான் கேட்டேன்.

"ரோடே தெரியலடி."

ரோடு உங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில், ஊரெல்லாம் தண்ணீர் நிற்க, மூச்சுக்கான தசைகளும் ஓய்ந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வீட்டில் யாராவது எதையாவது கனமாக இருக்கிறது என்றால், ஓடிப்போய் அதை நானே ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். பாப்பாவின் புத்தகப் பை, தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர். அவள் செருப்புச் சத்தத்தை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு காலும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குப் படபடப்பு ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை மேம்பாலத்தில், வாடை வந்தபோது, அவள் சொன்னது இதுதான்:

"அம்மா, கிளட்ச்சு கனமா இருக்குதும்மா. காலு வலிக்குது."

எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. கிளட்ச் என்றால் எந்தக் கால் என்று எனக்குத் தெரியாதா? ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, இறங்குடி என்றேன். "பாலத்து நடுவுல எப்டிம்மா?" என்றாள். இறங்கு என்று கத்திவிட்டேன். பின்னால் வரிசையாக ஹார்ன். அங்கே ஒரு பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "ஏம்மா, ரோட்டுலயா எடம் மாத்துவீங்க?" என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் வண்டியைச் சுற்றி ஓடி சீட்டில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் மிதித்தேன்.

கனத்தது.

மறுபடியும் மிதித்தேன். நிஜமாகவே கனத்தது, மாமா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கனக்க வேண்டுமென்று நான் நினைப்பதால் என் காலே பொய் சொல்கிறதோ என்று பயந்து, அப்படியே ரஃபீக் பாயிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். பாப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"கனம்தான் மேடம். பிளேட்டு தேஞ்சி போச்சி. தேயத் தேய பெடலு கனம் ஏறும்" என்றார். கீழே இறங்கி, வேஸ்ட் துணியைத் தேடாமல், என் எதிரே வந்து நின்று இன்னொரு முறை சொன்னார். "என் காலுக்கே கனக்குது மேடம்."

ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து அழுதேன். "ஒரு கிளட்ச்சு போனதுக்கா இந்த அழுவ அழுவுற?" என்று பாப்பா சிரித்தாள். உங்கள் சிரிப்பு அப்படியே. ஆமாம்டி, அதுக்குத்தான் என்றேன்.

உங்கள் முரட்டு பிரஷர் பிளேட்டு இன்னும் பாயின் பரணில் இருக்கிறதாம், போடவா என்று கேட்டார். வேண்டாம், அவள் காலுக்கு லேசானதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். நாளைக்கு அவள் மிதிக்கும்போது பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அதற்கடுத்த நாளும் உட்கார்ந்திருப்பேன். எத்தனை வருஷம் என்று தெரியாது.

ஆனால் இன்றைக்கு வண்டிதான் கெட்டிருக்கிறது, மாமா. வண்டி மட்டும்தான்.