பச்சை வண்டிக்கு இரண்டு கையெழுத்து

சான் ஹோசே
11 ஜனவரி 2025

அன்புள்ள தாமரை,

நான் நல்லா இருக்கேன், என் முழங்கால்தான் நல்லா இல்ல. நியூஜெர்சியில பனி கொட்டுதுன்னு போன்ல பார்த்தேன். காதை மூடிக்கிட்டு ஆபீஸ் போ. உனக்குக் காதுல காத்து பட்டா உடனே ஜுரம் வந்துடும்.

மூணு வருஷத்துக்கு மேலா வாட்ஸப்புல "ஓகே", "சரி"ன்னு மட்டும் பேசிக்கிட்டவன் எதுக்கு இப்போ கடிதம் எழுதுறான்னு நினைப்பே. நம்ம பச்சை வண்டிக்கு ஆள் வந்திருக்கு. ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ரஞ்சித்குமார், பொள்ளாச்சிப் பையன். அவனும் அவன் மனைவி ஸ்ம்ருதியும் வந்து பார்த்தாங்க. அந்தப் பொண்ணு வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்துச்சு. பன்னெண்டு வருஷம் முன்னாடி நீயும் அப்படித்தான் பார்த்தே. வித்த பெரியவர் உன்னை மெக்கானிக்குன்னே நினைச்சுட்டார்.

வண்டிப் பேப்பர்ல உன் கையெழுத்தும் வேணும். அதான் தபால். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல "அண்ட்"னு போட்டிருக்கு. "ஆர்"னு இருந்திருந்தா நானே போட்டு முடிச்சிருப்பேன். வண்டியை நம்ம பேர்ல பதிஞ்ச அன்னிக்குக் கவுண்டர்ல இருந்த அம்மா "அண்ட் ஆர் ஆர்?"னு கேட்டப்போ ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சோமே! நான் "எஸ்"னு சொல்லி வச்சேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

பனிச்சறுக்குச் சாமானையும் சேர்த்துக் கேக்குறாங்க. மலையிலிருந்து சறுக்கினா லிஃப்டுக்குக் காசு, சமதளத்துல சறுக்கி நடந்தா காசே இல்லைன்னு நான் கண்டுபிடிச்சு, சர்ச் ஹால்ல பழைய சாமான் விக்கிற இடத்துல பொறுக்கிக்கிட்டு வந்தது. நாலு மணி நேரம் ஓட்டி டாஹோ பனிமலைக்குப் போனா, பூட்ஸ் ஒரு வகை, சறுக்குக் கட்டைல இருக்கிற கொக்கி வேற வகை. மாட்டவே இல்ல. பார்க்கிங்லயே உக்கார்ந்து லெமன் சாதம் சாப்பிட்டோம். அந்த மாதிரி ஒரு நாள் அப்புறம் வரவே இல்ல தாமரை.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்
செழியன்


எடிசன்
21 ஜனவரி 2025

அன்புள்ள செழியனுக்கு,

கடிதம் கிடைச்சது. உங்க கையெழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான். ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியுது. முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்க. இணையத்துல மலிவா வர்ற பட்டையைக் கட்டிக்கிட்டு ஆறு மாசம் ஓட்டாதீங்க.

பேப்பர்ல கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன்.

"எஸ்"னு சொன்னது நீங்க. அந்தம்மா மறுபடி கேட்டப்போ "அண்ட்"னு சொன்னது நான். அப்புறம், அது லெமன் சாதம் இல்லைங்க, தக்காளி சாதம். விடிகாலை எழுந்து கிளறினவளுக்குத் தெரியும். உங்க நினைவுல எல்லாமே கொஞ்சம் இனிப்பா மாறிடுது.

ஆனா அந்த நாள் எனக்கும் பிடிச்ச நாள்தான், பொய் சொல்ல மாட்டேன். கட்டையைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு நீங்க பனியில படுத்தீங்க. சட்டைக்குள்ள பனி போனதும் கத்தினீங்க பாருங்க, பக்கத்துக் கார்காரங்க ஓடி வந்துட்டாங்க. அன்னிக்குச் சிரிச்ச மாதிரி நானும் அப்புறம் சிரிக்கல.

எஞ்சினுக்கு அடியில எண்ணெய் கசியறதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க. அவ தானா கண்டுபிடிக்கட்டும்னு விடாதீங்க. சறுக்குச் சாமானுக்குக் காசு வாங்காதீங்க. சரியான பூட்ஸை எங்கே தேடணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க.

பழைய கதை ரொம்ப நல்லா எழுதறீங்க. இந்த மூணு வருஷத்தைப் பத்தி ஒரு வரி காணோம். பரவாயில்லை. நீங்க எழுதாட்டி நானும் கேக்கல, அவ்வளவுதான்.

தாமரை


சான் ஹோசே
2 பிப்ரவரி 2025

அன்புள்ள தாமரை,

பேப்பரைத் திருப்பிட்டாங்க. ரஞ்சித்குமாரையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு உன் கையெழுத்து மேல விரலை வச்சு, "இது யாரு?"ன்னு கேட்டா. அப்பத்தான் நானே சரியாப் பார்த்தேன். பேப்பர்ல அச்சாகி இருக்கிறது தாமரைச்செல்வி நெடுஞ்செழியன். நீ போட்டிருக்கிறது தாமரைச்செல்வி நஞ்சுண்டன்.

ரஞ்சித்குமார் வேற பக்கம் பார்த்துக்கிட்டு நின்னான்.

எப்போ மாத்தினே? மாமா பேரைப் போட்டுக்கிட்டது தப்புன்னு சொல்லல. அது உன் அப்பா பேரு. ஆனா நான்தான் முதல்ல தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன். நாம பிரிஞ்சுட்டோம்னு நான் ஒருநாளும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ வேலைக்காக அங்க போயிருக்கே, நான் வேலைக்காக இங்க இருக்கேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

எதனாலன்னு தெரியும். நீ கேக்கலேன்னாலும் எழுதுறேன். ஊர்ல மாமா தவறினப்போ விமான டிக்கெட் விலையைப் பார்த்துட்டு, "ஒருத்தர் போனாப் போதாதா"ன்னு நான் கேட்டேன். நீ பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டே. நான் மறுநாளும் அதுக்கு மறுநாளும் விலை குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். குறையறதுக்குள்ள காரியம் முடிஞ்சுடுச்சு. அதுக்கு நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டதே இல்ல. இப்பக் கேக்குறேன்.

ஒரு ஃபாரம் கொடுத்திருக்காங்க, இதுல வச்சிருக்கேன். அந்தப் பேருக்காரியும் இந்தப் பேருக்காரியும் ஒரே ஆள்தான்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா வண்டியை மாத்திக் கொடுத்துடுவாங்க. நீ திரும்பி வர்றதா இருந்தா அதைக் கிழிச்சுப் போட்டுடு. வண்டியை விக்கலேன்னு ரஞ்சித்குமார்கிட்டச் சொல்லிடுறேன். பேரு எதுவா இருந்தா என்ன?

வந்துடு தாமரை. டிக்கெட் நானே போடுறேன். மார்ச்ல பாதி விலைக்குக் கிடைக்கும்.

உன்
செழியன்


எடிசன்
15 பிப்ரவரி 2025

அன்புள்ள செழியனுக்கு,

படிச்சு அழுதேன். அதை மறைக்கப் போறதில்லை. மன்னிப்புக் கேட்டு நீங்க எழுதின வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். அதுக்குக் கீழே இருந்த மார்ச் மாசத்தையும் படிச்சேன்.

அப்பாவுக்காகப் போனேனே, கோயமுத்தூர் ஏர்போர்ட்ல பெரியப்பா முதல்ல கேட்டது, "மாப்பிள்ளை எங்கம்மா?" பின்னாடி வர்றாருன்னு சொன்னேன். மூணு நாள் எல்லாருக்கும் அதையேதான் சொன்னேன். வாசல்ல கார் சத்தம் கேக்கும்போதெல்லாம் நீங்களா இருக்குமோன்னு எட்டிப் பார்த்தேன். எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேங்க.

பேரைப் போன ஆகஸ்ட்ல இங்க கோர்ட்டுல மனு போட்டு மாத்தினேன். உங்களைப் பழிவாங்க இல்லை. ஆபீஸ்ல என்னை யாராவது முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டா உங்க பேர்தான் வரும். அப்பல்லாம் நீங்க பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். திரும்பினா இருக்க மாட்டீங்க. அதுதான் தாங்கல.

நீங்க கெட்டவர் இல்லை. கையில ஒண்ணுமில்லாத காலத்துல, ஒரு பழைய வண்டியையும் மாட்டாத கட்டையையும் வச்சுக்கிட்டு என்னை அவ்வளவு சந்தோஷமா வச்சிருந்தீங்க. விலை குறையட்டும்னு காத்திருக்கிற உங்க குணத்தைப் பார்த்து நானும்தான் பெருமைப்பட்டேன். எதுக்குக் காத்திருக்கலாம், எதுக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல.

"வந்துடு"ன்னு எழுதியிருக்கீங்க. "வர்றேன்"னு எழுதல. இத்தனை வருஷமா நான் காத்துக்கிட்டிருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். வந்திருந்தா, எந்தப் பேர்ல வேணும்னாலும் இருந்திருப்பேன்.

ஃபாரத்துல ரெண்டு கோடு விட்டிருக்காங்க. முதல் கோட்டுல உங்க பேரோட என் பேரை எழுதினேன். பழக்கம், கை தானா எழுதிடுச்சு. அடுத்த கோட்டுல அப்பா பேரோட எழுதினேன். ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அது உண்மை இல்லைங்க. கவுண்டர்ல கேட்டா, உண்மைன்னே சொல்லிடுங்க.

இப்படிக்கு,
தாமரைச்செல்வி நஞ்சுண்டன்