அத்தைக்கு வைத்த மஞ்சள் பூசணி சூப்

என் செல்விக்கு,

கிள்ளானில் ஒரு வாரமாக விடாத மழை. துணி காயவில்லை, தரை சில்லென்று இருக்கிறது. இந்தக் குளிரில் உன் அடுப்படியில் தினமும் நான்தான் சூப் வைக்கிறேன். உன் அம்மாவுக்கு.

நீ கண்மூடி இரண்டு வருஷம் கழித்து, போன மாதம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை அசையவில்லை, பேச்சு குழறுகிறது, எதையும் விழுங்க முடியவில்லை. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகப் பால் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் கல்யாணத்துக்கே வராதவர். நீ நோயில் படுத்தபோது உன்னைப் பார்த்துக்கொள்ள வந்து, அப்படியே உன் அறையில் தங்கிவிட்டார். அப்போதும் என்னிடம் நேராக நாலு வார்த்தை பேசியதில்லை. இப்போது என் கையை நம்பிப் படுத்திருக்கிறார்.

மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னார்: "கட்டியில்லாம, நல்லா கெட்டியா சூப் வச்சுப் பாருங்க அங்கிள். நேரா உட்கார வச்சு அரை ஸ்பூன் குடுங்க. தண்ணியா இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும், ஆபத்து. வியாழக்கிழமை வரைக்கும் இருமல், காய்ச்சல் இல்லன்னா டியூப்ப எடுக்கலாம்."

உன் தம்பி குமார் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து இங்கேயே தங்கினான். "டியூப் இருக்கட்டும் அத்தான். ஏதாச்சும் ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

 ஆனாலும் மஞ்சள் பூசணி, மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு இஞ்சி எல்லாம் போட்டுக் குழைய வேகவைத்து, அரைத்து வடிகட்டினேன். முதல் நாள் இரண்டு ஸ்பூன் இறங்கியது.

மறுநாள் நான் ஓட்டும் சரக்கு லோரியை எடுக்கப் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் அவசரம். சூப் ரொம்பவும் இறுகிவிட்டது என்று அளவு பார்க்காமல் வெந்நீர் விட்டுக் கலக்கினேன். மூன்றாவது ஸ்பூனில் அத்தை இருமினார். முகம் சிவந்தது, பிறகு இருமல் சத்தமே நின்றுவிட்டது. முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இருமுங்க, நல்லா இருமுங்க" என்று கெஞ்சினேன். எத்தனை நொடியோ. மறுபடி இருமி, மூச்சை இழுத்தார்.

குமார் ஸ்பூனைப் பிடுங்கினான். "போதும் லா அத்தான். அம்மாவக் கொன்னுருவீங்க."

"என் தப்புதான். தண்ணி விட்டுட்டேன்" என்றேன்.

வேலைக்குப் போகவில்லை. மணிக்கொரு தடவை அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டதில், கெட்டியாக வைத்துத் தொடரலாம், இனி இருமல் வராவிட்டால் வியாழக்கிழமையே குழாயை எடுக்கலாம் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் மறுபடி வைத்தேன். ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதம்.  ஆனால் பயத்தில் வாயருகே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவிட்டேன். அத்தை இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"மெதுவா... மாப்பிள்ள."

மாப்பிள்ள என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன், செல்வி. ஏழு ஸ்பூன் விழுங்கினார். குமார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசி வாரம் நீ சூப் கேட்டாய். நான் கடையில் வாங்கி வந்தேன். காரம் தாங்காமல் ஒரு வாயோடு மூடிவைத்துவிட்டாய். நானே வைத்திருந்தால் குடித்திருப்பாயா? எனக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

வியாழக்கிழமை மருத்துவமனையில் குழாயை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் குமார், "பூசணிக்கா நான் வாங்கிட்டு வரவா அத்தான்?" என்று கேட்டான்.

ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஸ்பூனைச் சாய்த்துப் பதம் பார்க்கிறேன். ஆனால் உன் அம்மா கடைசி வாயை விழுங்கி முடிக்கும்வரை, எந்த வேலை காத்திருந்தாலும் நான் அவர் பக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டேன். உனக்குக் கொடுக்காமல் விட்ட நேரம் அது.

உன் கணவன்,
ராஜு