இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை

குடவாசல்,
16-8-1998

அன்புள்ள ஜோஸ்வா அப்பாவுக்கு,

விண்ணரசி எழுதுகிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். குவைத்தில் வெயில் குறைந்ததா? இங்கே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. குறுவை தேறிவிடும், கடைக்கு நெல் வந்துவிடும். கவலை அதில் இல்லை.

போன ஞாயிறு கோயிலில் மூன்று கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். நம் ஜோஸ்வாவுக்கும் நன்னிலம் ஜெனித்துக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று. இன்று இரண்டாவது ஓலை வாசிக்கவில்லை. நான்தான் சாமியாரிடம் சொல்லி நிறுத்தினேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டீர்கள்.

கால்கட்டு போட்டால் குடியை விட்டுவிடுவான் என்று போனில் சொன்னீர்கள். நானும் தலையாட்டிவிட்டுப் பந்தல்காரரிடம் பேசினேன். நம் கடை மாடியில் புதன்கிழமை கூடுகிற அம்மாக்களைப் பற்றி எழுதியிருந்தேனே, எல்லார் வீட்டிலும் குடிக்கிற பிள்ளை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்துப் பக்கத்து ஒயின்ஷாப்பை எடுக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது மைக்கைப் பிடித்துப் பேசினவள் நான். அவர்களுக்குப் பத்திரிகை வைத்தேன். அவர்களில் ஷம்சாத் அக்கா கையை நீட்டவே இல்லை. ஏம்மா, ஊருக்கெல்லாம் மைக்குல சொன்னே, அந்தப் பொண்ணு வீட்டுல சொன்னியா என்று கேட்டார்.

மறுநாளே நன்னிலம் போனேன். காலையில் அவன் கை நடுங்குவது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது, திரும்பவும் குடித்தது, எல்லாவற்றையும் ஜெனித்தின் அம்மாவிடம் சொன்னேன். ஈர நெல்லைக் காய்ந்த நெல் என்று யார் தலையிலும் கட்டினவள் இல்லை நான். அந்த அம்மா திட்டியிருந்தால் தேவலை. தாலி ஏறுறதுக்கு முன்னாடி சொன்னீங்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கடைக்கு வந்த அன்று இரண்டு அரிசியைக் கடித்துப் பார்த்து, அத்தை இது புது அரிசி, குழையும் என்றாள். கல்லாவில் உட்கார வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

ஜோஸ்வா என்மேல் கோபமாக இருக்கிறான். நேற்று மாதா திருநாளுக்கும் கோயிலுக்கு வரவில்லை. ஊரறிய என்னைக் குடிகாரன் ஆக்கிட்டியே என்று கேட்டான். குடிக்காமல் கேட்டான். திருச்சியில் மறுபடி வைத்தியம் பார்ப்போம் என்றேன். உன்னோட வரமாட்டேன், அப்பா கூப்பிட்டா வர்றேன் என்கிறான்.

கல்யாணத்துக்கென்று வாங்கின லீவை ரத்து செய்துவிடாதீர்கள். கல்யாணம் நின்ற வீட்டுக்கு எதற்குப் போவது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை இருக்கிறான். வாங்க.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

விண்ணரசி