நிலாவில் இருக்கிறது, உன் சைக்கிளில் இல்லை

அன்பு மாப்ள தவசி,

நீ போய் நாற்பது நாளாகிறது. கம்பெனி கேட்டுக்கு எதிரே உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னும் இருக்கிறது. ‘வானில் விண்மீனாய் ஒளிர்கிறாய்’ என்று போட்டு, கீழே ‘நிர்வாகம்’. கிழித்துப் போட்டிருப்பேன். உன் முகம் இருந்ததால் விட்டேன்.

விண்மீனாம். உயிரோடு இருந்தவனுக்கு ஒரு துண்டு சிவப்பு பிளாஸ்டிக் கொடுக்க மனசு வரவில்லை இவர்களுக்கு.

நாம் தங்கியிருந்த இருங்காட்டுக்கோட்டை அறையில் கரண்ட் போன ஒரு சாயங்காலம், டார்ச்சை ஜன்னல் வழியாக வானத்துக்கு அடித்தாயே, நினைவிருக்கிறதா? “வெளிச்சம் போய்க்கிட்டேதான் இருக்குல. எதுலயாச்சும் பட்டுத் திரும்பி வந்தாத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். விண்வெளில சூரியன் அந்த அடி அடிக்கு, ஆனா சுத்தி இருட்டு. படுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல” என்றாய். நிலாவுக்குப் போனவர்கள் அங்கே ரிஃப்ளெக்டர் வைத்துவிட்டு வந்தார்கள், இங்கிருந்து அடிக்கிற லேசர் அதில் பட்டு இரண்டரை நொடியில் திரும்பிவிடும் என்றாய். கதை விடாதே என்றேன். “நாம லைன்ல கார் பின்னாடி மாட்டுறோம்லா, அதுவும் அதே வேலைதாம்ல செய்யுது” என்று சிரித்தாய்.

மறுநாளே சூப்பர்வைசரிடம் போனாய். நம் பசங்களுடையதெல்லாம் பின்னால் சிவப்பு உடைந்துபோன பழைய சைக்கிள்கள். கீறல் விழுந்து ரிஜெக்ட் ஆகிற ரிஃப்ளெக்டர்களைத் தூளாக்குவதற்குப் பதில் அவற்றில் ஒட்டலாமே என்று கேட்டாய். “இன்னாபா, ராக்கெட்டா வுடப்போற? ஸ்கிராப்பு கம்பெனி கேட்டத் தாண்டக்கூடாது, ரூல்ஸ் கீது” என்றார் அந்த மண்ணூர்க்காரர். மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் லைனே சிரித்தது. நானும் சிரித்தேன், மாப்ள. நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

உனக்கு மட்டும் கடையில் ஒன்று வாங்கேன் என்றதற்கு, “எல்லாரு சைக்கிளுக்கும் வரணும்ல” என்று பிடிவாதம். அப்படி என்னடா பிடிவாதம் உனக்கு?

மார்கழி, முதல் ஷிப்டு, விடியாத ஐந்தரை மணி. பின்னால் வந்து மோதிய லாரிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “தெரியலண்ணே.” அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். அவருடைய லைட் உன்மேல் பட்டது. கருநீல யூனிஃபார்ம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. நோட்டீஸ் போர்டில் ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று ஒட்டினார்கள். யாருடைய கவனக்குறைவு? நிலாவில் கொண்டுபோய் வைக்க முடிந்தது, உன் சைக்கிளில் வைக்க முடியாதா?

இங்கத்துச் செய்தி கேள். பன்னிரண்டு ரிஜெக்ட் பீஸை டிபன் பாக்ஸில் வைத்து வெளியே கொண்டுவந்து, பசங்கள் சைக்கிளில் ஒட்டினேன். செக்யூரிட்டி பார்த்துவிட்டார். திருட்டு என்று மெமோ. திருடியதாக எழுதிக் கொடுத்து, எல்லாவற்றையும் பிடுங்கி ஒப்படைத்தால் வேலை பெர்மனென்ட் ஆகுமாம். இல்லையென்றால் டிரெயினிங்கோடு ஊருக்குப் போகவேண்டியதுதான். “கையெழுத்தப் போட்டுட்டு போய்கினே இருப்பா, செத்தவன் வந்து கேக்கப்போறானா” என்கிறார் சூப்பர்வைசர்.

இன்று காலை இருட்டில் ஆறு பேர் வரிசையாகப் போனோம். பின்னால் வந்த லாரி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நன்றாக விலகி, எங்களைத் தாண்டிப் போனது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது, பாவிகளா.

திங்கட்கிழமை விசாரணை. எடுத்தேன் என்று சொல்வேன். திருடினேன் என்று எழுத மாட்டேன். வேலை போனாலும் சரி, ஒட்டினதில் ஒன்றைக்கூடப் பிடுங்கித் தரமாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

அக்கா தங்கை இல்லாமலே உனக்கு மச்சானான
செல்வம்