விலை குறைந்த மைக்கும் அம்மாவின் போனும்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அம்மா நன்றாகத் தூங்குகிறாளா?

கச்சேரிகளைப் பதிவு செய்ய விலை குறைந்த மைக் போதும் என்று நான் வேலை பார்க்கும் இந்த அரங்கத்தில் சொன்னது நான்தான். பாட்டு அதில் அருமையாக விழுகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் செல்போனுக்கு அழைப்பு வந்தால் மைக் இரைகிறது. போன வாரம் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையோரம் மைக் பக்கத்தில் நின்றிருந்தேன். பாடகி உச்சத்தில் இருக்கும்போது ஹெட்போனில் 'டர்ர்' என்றது. பதிவு கெட்டதே என்று தோன்றவில்லை. அம்மாவுக்கு என்னவோ என்றுதான் தோன்றியது. வெளியே ஓடிப்போய்ப் போனை எடுத்தால், "சாப்ட்டியாடா?" என்கிறாள் அம்மா! சிரித்துவிட்டேன்.

அரங்கத்து முதலாளி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இரைஞ்சா, மைக்கோட சேர்ந்து நீயும் வெளிய போகவேண்டியதுதான்" என்றார்.

அதனால் கச்சேரி நடக்கும் சனிக்கிழமை சாயங்காலங்களில் போனை அணைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மட்டும் அம்மாவைத் தனியே விட்டு நீங்கள் கடைக்குக்கூடப் போகாதீர்கள் அப்பா. இனி ஹெட்போனில் ஓர் இரைச்சலும் கேட்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகன்